கசியவில்லை என்பதற்காகக் குழியை மூடாதீர்கள்

எரிவாயுக் குழாய்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. சாலையில் பள்ளம் தோண்டுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போன வாரமும் அதே கதை. சிங்கப்பூரின் மேற்குப் பக்கம், சாலையோரத்தில் ஒரு பள்ளம். வேறொரு வேலைக்காக டிரயல் ஹோல் (மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோண்டும் சோதனைக் குழி) போட்டால், எரிவாயுக் குழாயின் பூச்சு உள்ளங்கை நீளத்துக்கு உரிந்து, இரும்பில் செந்துரு ஏறியிருக்கிறது. நடுவில் எக்ஸ்கவேட்டர் வாளியின் பல் கீறிய கோடு. விசாரித்தால் ஒரே பதில்: "கேஸ் வரலையே அண்ணே, அதான் மூடிட்டோம்."

கேஸ் வரவில்லைதான். அதனாலேயே எனக்குக் கோபம் வருகிறது. கசிந்திருந்தால் அன்றைக்கே வால்வை அடைத்துச் சரிசெய்திருப்பார்கள். கசியாத கீறல்தான் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் வேலை செய்கிறது. பூச்சு போன இடத்தில் ஈரம் பிடிக்கும். இந்த ஊர் மழையும் களிமண்ணும் சொல்லவா வேண்டும்! துருவைத் தடுக்கக் குழாயில் கத்தோடிக் மின்னோட்டம் விட்டிருந்தாலும், அது பூச்சுக்குத் துணைதான், மாற்று அல்ல. கீறலோடு நசுங்கலும் சேர்ந்தால் அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அங்கே விரிசல் வளரும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காதே என்பார்கள். அதிலும் கீறலின் ஆழம் சுவரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தத் துண்டை வெட்டி எடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஆழத்தை அளக்க வேண்டியது நாங்கள். உங்கள் கட்டைவிரல் நகம் அளவுகோல் அல்ல.

ஒரு குழாய்தானே என்று நினைக்காதீர்கள். இந்தச் சின்னத் தீவின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. மலேசியாவிலிருந்தும், இந்தோனேசியாவின் மேற்கு நட்டுனா, தெற்கு சுமத்ராவிலிருந்தும் குழாயில் வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்துக்குக் கப்பலில் திரவமாகவும் வருகிறது. 2004 ஜூன் 29 அன்று நட்டுனா வாயு தடைபட்டபோது தீவின் பல பகுதிகள் இருண்டன.

தோண்டும் முன், மண்ணுக்கடியில் குழாய் போகும் வரைபடத்தை வாங்குங்கள். வாங்கிய வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள், மண்ணை ஏற்றியிருப்பார்கள், வரைபடத்தில் உள்ள இடமும் ஆழமும் இப்போது பொருந்தாமல் போகலாம். குழாயைத் தேடும் கருவியான லொக்கேட்டர் கத்தவில்லையென்றால் குழாய் இல்லை என்று அர்த்தமில்லை, பிளாஸ்டிக்கை அது காட்டாது. மண்வெட்டியால் கையாலேயே தோண்டி, குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இயந்திரம் அருகே வரவேண்டும்.

கசிவு தெரிந்தால் மண்ணைப் போட்டு அமுக்கவே கூடாது. வாயு சாக்கடை வழியாகவோ கேபிள் குழாய் வழியாகவோ பக்கத்துக் கட்டடத்துக்குள் போகும். வாசனையை மண் உறிஞ்சிவிடும், அதனால் மூக்கையும் நம்ப முடியாது. இயந்திரத்தை நிறுத்துங்கள், ஆட்களைக் காற்று வீசிவரும் பக்கமாகத் தள்ளி நிறுத்துங்கள், தூரம் போன பிறகு போன் போடுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கு ஒன்று. தோண்டும் தம்பிகள் குழாயில் பட்டதை மறைப்பது திமிரால் அல்ல. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், அந்த வேலைக்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன். குழாயைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம் என்று வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மிரட்டுகிறீர்களே, "தட்டிவிட்டால் உடனே சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று என்றைக்காவது சொன்னதுண்டா? இனி சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உரசின குழாயை நாங்கள் வரும்வரை மூடாமல் விடுங்கள். சுற்றித் தடுப்பு மட்டும் போதும்.