கறிக்கடை போட எந்தெந்த அனுமதி வேண்டும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தெருமுனையில் சின்னதாக ஆட்டுக்கறிக் கடையோ கோழிக்கடையோ போடுகிறவர்கள் பலர், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தச் சான்று கறி விற்பதற்கு. ஆட்டை எங்கே அறுப்பது என்பதற்கு வேறு சட்டம், வேறு அலுவலகம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதலில் அந்தச் சான்றைப் பார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006-இல் வந்தது. உரிமம், பதிவுக்கான ஒழுங்குமுறைகள் 2011-இல் வந்தன. அந்த ஒழுங்குமுறை வகுத்தபடி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். அதைத் தாண்டினால் மாநில உரிமம் எடுக்க வேண்டும், கடைக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். இரண்டுக்கும் உணவுத் தொழில் உரிமங்களுக்கான அரசுத் தளமான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வரம்பும் கட்டணமும் திருத்தத்தில் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

இந்த 12 லட்சம் என்பது மொத்த விற்பனை, லாபம் இல்லை. ஆட்டுக்கறிக் கடைக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கிலோ 800 ரூபாய் என்று வைத்து, ஒரு ஆட்டில் 10 கிலோ கறி தேறுகிறது என்று கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை திறந்து மூன்று ஆடு அறுத்தாலே ஒரு நாள் விற்பனை 24,000 ரூபாய். 52 ஞாயிறுக்கு 12 லட்சத்து 48 ஆயிரம். வாரத்துக்கு ஒரு நாள் திறக்கும் கடையே வரம்பைத் தாண்டிவிடுகிறது! கையில் நிற்பது அதில் கொஞ்சம்தான் என்றாலும் சட்டம் பார்ப்பது கல்லாவில் விழுந்ததை. ஆகவே '100 ரூபாயில் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், உங்கள் விற்பனைக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதற்கும் அதே ஒழுங்குமுறையில் அளவு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆடு போன்ற சிறிய கால்நடை 10, கோழி 50 வரை என்றால் பதிவு. அதற்கு மேல் போனால் உரிமம். கோழிக்கடையில் உயிர்க்கோழியை அங்கேயே உரித்துக் கொடுப்பது வழக்கம் என்பதால், விண்ணப்பத்தில் தொழில் வகை கேட்கும் இடத்தில் சில்லறை விற்பனையை மட்டும் குறித்துவிட்டு வந்துவிடக் கூடாது. கோழி அறுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவு விஷயத்தில் கடைக்காரருக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு அதிகாரி சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிப்பு தர வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதில் எதுவுமே நடக்கவில்லை என்றால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. பிறகு அதிகாரி வந்து குறை சொன்னால் சரிசெய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 7 நாள், 30 நாள் கணக்கு பதிவுக்கு மட்டும். விண்ணப்ப எண்ணும் தேதியும் உள்ள ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் இந்த உரிமையைப் பேச முடியாது.

சரி, ஆடு அறுப்பது. செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளிச் சந்தையிலோ வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையிலோ ஆட்டைப் பிடித்து வந்து, கடை வாசலில் கட்டி, விடியற்காலையில் அங்கேயே அறுத்துத் தொங்கவிடுவதுதான் நம் ஊர்களில் நடப்பது. ஆனால் மிருகவதைத் தடுப்பு (இறைச்சிக் கூடம்) விதிகள் 2001-இன்படி, நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற ஆடுதொட்டி தவிர வேறெங்கும் அறுக்கக் கூடாது. சினை ஆடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி, மூன்று மாதத்துக்குள் குட்டி போட்ட தாய் ஆடு இவற்றை அறுக்கத் தடை. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளுக்குள் கடை என்றாலும், மாநகராட்சியான ஓசூருக்குள் என்றாலும், வாடகை பேசும் முன்பே ஆடுதொட்டி எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்வரும் வண்டிச் செலவும் உங்கள் கறி விலையில்தான் ஏறும்.

உள்ளாட்சியின் தொழில் உரிமம் தனி. நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சிக்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் பொருந்தும். கிராமத்தில் என்றால் ஊராட்சியில் கேட்க வேண்டும்.

கடை பிடிக்கும்போது இடத்தைப் பார்த்துப் பிடியுங்கள். ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையில் இறைச்சிக் கடைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே என்றால் 100 மீட்டர். நம் ஊர்த் தெருக்களில் முக்குக்கு ஒரு சாமி இருப்பதால் இதுதான் பெரிய சிக்கல். முன்பணம் கொடுப்பதற்கு முன் டேப் பிடித்து அளந்துவிடுவது நல்லது. சுவரில் 5 அடி உயரத்துக்கு டைல்ஸ் மாதிரித் தண்ணீர் இறங்காத பூச்சு, துருப்பிடிக்காத கொக்கி, வழித்துக் கழுவ முடிகிற மேசை, கை கழுவத் தொட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டி எல்லாம் கேட்பார்கள். தொங்கும் கறிமேல் ஈரத்துணி போர்த்துவதும் கூடாது. வெயில் காலத்தில் நம் கடைகளில் செய்யும் முதல் வேலையே அதுதான்!

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். இது தொழிலாளர் துறையின் வேலை, அங்கே முத்திரை ஆய்வாளர் இருப்பார். முத்திரைச் சான்றைக் கடையில் தெரிகிற மாதிரி மாட்டி வையுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது மானியத்தோடு கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை. அதன் வழிகாட்டுதலில், அறுத்த இறைச்சி சார்ந்த தொழில்கள் விலக்குப் பட்டியலில் உள்ளன. ஆடு அறுத்து விற்கிறவர் ஏன் விலக்கப்பட வேண்டும் என்பது எனக்கு விளங்காத நியாயம். என்றாலும் அதை நம்பித் திட்ட அறிக்கை எழுதக் காசு கொடுக்காதீர்கள். சிறு தொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனில் அடமானம் தேவையில்லை. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. ஒரு ஃப்ரீசர், தராசு, மேசைக்குச் சிசு அல்லது கிஷோர் போதும். சிறுபான்மையினருக்கு டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ என்ற மாநில அரசுக் கழகங்களின் கடன்கள் இருக்கின்றன, மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்கலாம். வங்கிக்குப் போகும் முன், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். 2021 ஜூலை முதல் சில்லறை வியாபாரிகளுக்கும் உண்டு.

ஜிஎஸ்டி பற்றிப் பயம் வேண்டாம். அன்றன்று அறுத்து விற்கும் கறிக்கு வரி கிடையாது. அதை மட்டும் விற்பவர் பதிவு எண்ணே எடுக்க வேண்டியதில்லை. உறையவைத்து, பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டி விற்கத் தொடங்கினால்தான் கணக்கு மாறும்.

அப்புறம், கடை மூட வேண்டிய நாட்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி அன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உள்ளாட்சிகள் அறிவிப்பது வழக்கம். திருவள்ளுவர் தினம் மாட்டுப் பொங்கலன்று வருவதால் அன்றைக்கு வியாபாரம் போய்விடும். பொங்கலுக்கு ஆடு பிடிக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்து, காணும் பொங்கலுக்குத் தேவையானதை மட்டும் பிடியுங்கள். வள்ளலார் நினைவு நாளும் மகாவீர் ஜெயந்தியும் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுவதால், நகராட்சி அறிவிப்பு வரும்வரை ஞாயிற்றுக்கிழமை ஆர்டர்களுக்கு முன்பணம் வாங்காமல் இருப்பது உத்தமம்.