ஒரு கற்சிப்பிக்கு மூன்று பெயர்கள்

1813இல் ஜெர்மானியரான ஷ்லோட்ஹைம், பாறையில் பதிந்திருந்த ஒரு சிப்பிக்கு ‘ஆஸ்ட்ரசைட்டஸ் லேபியேட்டஸ்’ என்று பெயர் வைத்தார். ஆஸ்ட்ரசைட்டஸ் என்றால் ஆளிக்கல். பின்னால் வந்தவர்கள், இங்கிலாந்தின் சவர்பி 1814இல் உருவாக்கிய இனோசெராமஸ் என்ற பேரினத்தில் அதைச் சேர்த்தார்கள். இன்று அதன் பெயர் மைட்டிலாய்டஸ் லேபியேட்டஸ். மைட்டிலாய்டஸ் என்றால் கல்லுமக்காய் போன்றது என்று பொருள். ஆனால் சுமார் 9 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த இந்த உயிர் ஆளியும் அல்ல, கல்லுமக்காயும் அல்ல.

அது எப்படித் தெரியும்? ஓட்டின் கீலைப் பார்க்க வேண்டும். கல்லுமக்காயில் இரண்டு ஓடுகளையும் பிணைக்கும் நாண் ஒரே நீண்ட பள்ளத்தில் கிடக்கும். இனோசெராமஸ் குடும்பத்தில் கீல் ஓரம் முழுக்கச் சீப்புப் பல் போலச் சிறுசிறு குழிகள் வரிசையாக இருக்கும். இன்றும் வாழும் ஐசோக்னோமன் சிப்பியிலும் இதே அமைப்பு உண்டு. அதனால்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தை முத்துச்சிப்பிகளின் பக்கம் வைக்கிறார்கள். ஓட்டின் உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பாருங்கள். மேற்பரப்புக்குச் செங்குத்தாக, கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் பட்டகங்கள் நார்நாராகத் தூண்போல நிற்கும். இனோசெராமஸ் என்ற பெயரிலேயே நார், பானை என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. உள்ளே இருந்த முத்துப்படலம் அரகோனைட் என்ற இன்னொரு சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. அது எளிதில் கரைந்துவிடும் என்பதால் பல இடங்களில் பட்டக அடுக்கு மட்டுமே மிஞ்சுகிறது.

உருவம் பொருந்தாத பெயரை மாற்றிவிடலாமே என்று தோன்றும். விலங்குப் பெயரிடல் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ள முடியாது. ஏனென்றால் இனப்பெயர் ஒரு வருணனை அல்ல, அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்ட சீட்டு. அந்த மாதிரி எந்தப் பேரினத்துக்குப் போனாலும் ‘லேபியேட்டஸ்’ கூடவே போகும். ஆசிரியர் பெயரை அடைப்புக்குறிக்குள் ‘(ஷ்லோட்ஹைம், 1813)’ என்று எழுதுவதும் இதற்காகத்தான். அந்த அடைப்புக்குறியைக் கண்டதுமே இனம் முதலில் வேறு பேரினத்தில் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். விதிகள் 1758ஆம் ஆண்டிலிருந்து கணக்கெடுக்கின்றன. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் பொதுவாக மூத்ததே நிற்கும். 1930க்குப் பின் வெளியான பெயருக்கு, மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கம் கட்டாயம். விளக்கமில்லாத பெயர் எத்தனை பேர் பயன்படுத்தினாலும் செல்லாது.

விதிகளைவிடக் கடினமானது அடையாளம் காண்பது. முதலில் இடது ஓடா வலது ஓடா என்று முடிவு செய்ய வேண்டும். வெளிப்பக்கம் உங்களைப் பார்க்க, மூக்கு (கீலுக்கு அருகே ஓடு வளரத் தொடங்கிய கூர்முனை) மேலே இருக்கும்படி பிடியுங்கள். இந்தக் குடும்பத்தில் மூக்கு முன்பக்கம் சாய்ந்திருக்கும். அது உங்கள் இடப்பக்கம் சாய்ந்தால் இடது ஓடு. பிறகு உயரம், நீளம், கீலின் நீளம், கீலுக்கும் வளர்ச்சி அச்சுக்கும் (மூக்கிலிருந்து ஓடு வளர்ந்து செல்லும் திசைக்கும்) இடைப்பட்ட கோணம் ஆகியவற்றை அளக்க வேண்டும். ஒரே ஓட்டில் பல வளர்ச்சி வரிகளில் இவற்றைத் திரும்ப அளப்பது அவசியம். வயதோடு வடிவம் மாறும். குஞ்சு ஒரு இனம், தாய் இன்னொரு இனம் என்று தவறாகப் பதிவாவது இந்த இடத்தில்தான்.

இதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான வால்விசெராமஸில் சிக்கல் இன்னும் பெரிது. இடது ஓடு சுருள்சுருளாகப் பெருத்திருக்கும், வலது ஓடு தட்டை மூடி. தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டும் ஒரே உயிருடையவை என்று யாருக்கும் தோன்றாது. இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டவர், திருச்சி, அரியலூர் பகுதியின் கிரிடேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) சிப்பிகளை ஆராய்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. ஆண்டு 1871.

களிப்பாறை நசுங்குவது மற்றொரு பொறி. ஒரு திசையில் அழுத்தம் விழுந்தால் ஒரு சிப்பி நீளும், பக்கத்தில் குறுக்கே கிடப்பது குட்டையாகும். ஒரே பலகையில் வெவ்வேறு திசையில் கிடக்கும் பல ஓடுகளை அளந்தால்தான் இந்தப் பொய் வெளிப்படும். ஒற்றை மாதிரியை வைத்துப் புது இனம் அறிவிப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இத்தனை கவனம் எதற்கு? நிலவியல் காலங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடுகள் இந்தப் பெயர்களில் தொங்குகின்றன. டெக்சாஸிலிருந்து ரோமர் 1852இல் விவரித்த இனோசெராமஸ் அண்டுலாட்டோ-பிளிகேட்டஸ், இன்று பிளாட்டிசெராமஸ் அண்டுலாட்டோபிளிகேட்டஸ். நடுவில் இருந்த சிறுகோட்டையும் விதி நீக்கிவிட்டது. கிரிடேசியஸின் ஒரு பகுதியான சாண்டோனியன் காலத்தின் தொடக்கம், ஸ்பெயினின் ஓலாசகுட்டியா கற்சுரங்கத்தில் இந்தச் சிப்பி முதன்முதலாகத் தோன்றும் மட்டம்தான் என்று 2013இல் உறுதியானது. அங்கே ஒருவர் இனத்தைத் தவறாகச் சொன்னால் எல்லையே இடம் மாறும்.

அதனால் சேகரிக்கும்போது ஓட்டைவிட அதன் இடம் முக்கியம். எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எடுத்த உடனே குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய ஊசியும் மெல்லிய தூரிகையும் போதும். வினிகரில் ஊறப்போடாதீர்கள். சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும் அமிலம் கால்சைட் பட்டகங்களையும் சேர்த்தே கரைத்துவிடும்.