சிதறிய தேனீக்கள் பெட்டிக்குள் போவது எப்படி?

"கிளையில் கொத்தாகத் தொங்கிய தேனீக்களைப் பெட்டிக்குள் உதறினார்கள். வெளியே சிதறியவையும் கொஞ்ச நேரத்தில் தாமாகவே உள்ளே போய்விட்டன. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எல்லாம் வாசனையின் வேலை.

கூட்டில் இட நெருக்கடி வந்தால் பழைய ராணி பாதிக்கும் மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறும் என்பது தெரிந்ததுதான். அருகிலுள்ள கிளையில் கூட்டம் தங்கும். வேவுத் தேனீக்கள் பொந்து தேடிப் போய்த் திரும்பி, கொத்தின் மேலேயே நடனமாடி இடம் சொல்லும். 1950களில் ஜெர்மன் விலங்கியலாளர் மார்ட்டின் லிண்டாவர் இதை விரிவாக ஆராய்ந்தார். காப்பதற்கு அடையோ புழுவோ இல்லை, வயிறு நிறையத் தேனும் இருக்கிறது. அதனால் அப்போது கொட்டுவது குறைவு. ஆனாலும் முகவலை அவசியம்.

பெட்டியைக் கொத்துக்கு நேர் கீழே வைத்து, கிளையை ஒரே வேகத்தில் உலுக்க வேண்டும். மெல்ல ஆட்டினால் தேனீக்கள் கலைந்துவிடும். ராணி உள்ளே விழுந்ததா என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை, வாயிலைப் பார்த்தாலே போதும். ராணியின் வாசனையை உணர்ந்த வேலைக்காரத் தேனீக்கள் வாயிலில் பெட்டியை நோக்கி நிற்கும். பின்புறத்தைத் தூக்கி, நுனியைச் சற்றே கீழே மடக்கும். அங்கே வெளிறிய ஒரு கோடு தெரியும். அதுதான் நசோனோவ் சுரப்பி. ஜெரானியால், சிட்ரால் போன்ற வாசனைப் பொருட்கள் அதிலிருந்து கசியும். நின்ற இடத்திலேயே இறக்கையடித்து அந்த மணத்தைப் பின்னோக்கி ஊதும். அதை நுகர்ந்து வந்த தேனீயும் பக்கத்தில் நின்று ஊதத் தொடங்கும். அழைப்பு இப்படிப் பெருகப் பெருக, சிதறியவை சாரைசாரையாக உள்ளே நடக்கும். ராணி கிளையிலேயே தங்கிவிட்டால் எல்லாம் அங்கே திரும்பிவிடும். மறுபடி உலுக்க வேண்டியதுதான்.

ஒரு பூச்சியின் வாசனையை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காலிப் பெட்டிக்குக் கூட்டத்தை ஈர்க்கும் தூண்டி அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான். இத்தகைய ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகவே நிதி தரலாம்.

வெளியே போனவையும் அந்தி சாயும்போது வந்தடங்கிய பிறகு பெட்டியை நிலையான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மறுநாள்வரை அங்கேயே விட்டால், வேவுத் தேனீக்கள் தாம் பார்த்து வைத்த பொந்துக்குக் கூட்டத்தைக் கிளப்பிவிடக்கூடும். தேனீப் புழுக்களோடு அடை கட்டிய ஒரு மரச்சட்டத்தை உள்ளே வைத்தால் எளிதில் ஓடாது. ராணி வெளியேறிவிடாமல் இருக்க, அது நுழைய முடியாத சிறு துளைகள் கொண்ட தகட்டைச் சிலர் வாயிலில் பொருத்துவார்கள். ஓரிரு நாளில் அதை எடுத்துவிடுவது நல்லது. ஏனென்றால், முதல் கூட்டத்துக்குப் பின்னால் அதே கூட்டிலிருந்து பிரியும் கூட்டங்களில் பெரும்பாலும் இணைசேராத கன்னி ராணியே இருக்கும். அது வெளியே பறந்து இணைசேர்ந்தால்தான் வேலைக்காரத் தேனீக்களாக வளரும் முட்டைகளை இட முடியும்.