சின்னம்மை ஊசி: அரசு அட்டவணையில் இருக்கிறதா, யாருக்குத் தேவை?

தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்க்கலாம். “அம்மா போட்டிருக்கு” என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: “ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டாச்சே, அப்புறம் எப்படி வந்தது?”

அங்கே போட்டது தட்டம்மை–ரூபெல்லா ஊசி. 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை. நீர் கோத்த கொப்புளங்களாக வரும் சின்னம்மை வேறொரு வைரஸால் வருவது. அதை இந்த ஊசி தடுக்காது. சின்னம்மைக்கான ஊசி தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. அதனால் புதன்கிழமை தடுப்பூசி நாளில் செவிலியரிடம் கேட்டாலும் கிடைக்காது. அதற்கு அவரைக் கோபித்துக்கொள்வது நியாயமில்லை.

இருக்கிற ஊசியை அரசு ஏன் சேர்க்கவில்லை? பணம் மட்டும் காரணமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு எச்சரிக்கை உண்டு: இதைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கும் நாடு குறைந்தது 80 சதவீதக் குழந்தைகளுக்காவது விடாமல் போட முடிய வேண்டும். பாதிப் பேருக்குப் போட்டு நிறுத்தினால் பரவல் குறையும், ஆனால் நிற்காது. ஊசி போடாத பிள்ளைகள் சிறுவயதில் தொற்றாமல் தப்பித்து, பெரியவர்களான பிறகு மாட்டிக்கொள்வார்கள். ஐந்து வயதில் ஒரு வாரத்தில் ஆறுவது, முப்பது வயதில் நிமோனியா வரை போகலாம். அமெரிக்கா 1990களிலும் ஜப்பான் 2014இலும் எல்லாக் குழந்தைகளுக்குமான ஊசியாக இதைக் கொண்டுவந்தன. நம் நாட்டிலும் ஒருநாள் வர வேண்டும், ஆனால் அரைகுறையாக வரக்கூடாது என்பதே என் எண்ணம்.

இப்போதைக்குத் தனியார் மருத்துவமனைதான் வழி. குழந்தைகளுக்கு 15 மாதத்தில் முதல் தவணை, குறைந்தது மூன்று மாதம் கழித்து இரண்டாவது. 13 வயதைத் தாண்டியவர்களுக்கும் இரண்டு தவணைதான். இடைவெளி 4 முதல் 8 வாரம். ஒரு தவணைக்கே சுமார் 2,000 ரூபாய் ஆகும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது பெரிய தொகை. அப்படியென்றால் முதலில் யாருக்கு என்று யோசியுங்கள். சிறுவயதில் அம்மை வராத, கல்யாணத்துக்குத் தயாராகும் பெண். ஓசூர் கம்பெனி விடுதியில் பத்துப் பேரோடு தங்கும் பையன். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பெரியவர்களாகும் வரை அம்மை வராமலே இருப்பவர்கள் அதிகம். இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. ஆகவே கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

ஊசிதான் இலவசமில்லை, சிகிச்சை இலவசம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வரை போகலாம். வேப்பிலை இருக்கட்டும், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே டாக்டரையும் பாருங்கள். பெரியவர்களுக்குக் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். அம்மை வராத கர்ப்பிணிப் பெண், சின்னம்மை வந்தவரோடு பழகிவிட்டால், உடம்பில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம்.