சிசு மரணம்: எந்தக் குழந்தையின் சாவு?

'சிசு மரணம் குறைந்தது' என்று செய்தி வருகிறது. எந்தச் சிசு? 'வயிற்றில் சிசு நன்றாக வளர்கிறது' என்கிறோம். அது இன்னும் பிறக்காதது. 'சிசுக்கொலை' என்கிறோம், அது பிறந்துவிட்டது. பிறப்புக்கு இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் சொல் இது. பேச்சுக்குப் போதும், சாவைக் கணக்கெடுக்கும் இடத்தில் போதாது.

சிசு, மரணம் இரண்டும் வடசொற்கள். சிசு என்றால் இளங்குழந்தை. விலங்கின் குட்டியையும் குறிக்கும். இதற்கு ஈடான 'infant' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'பேசாதது' என்று பொருள்படும். ஒரு வயதுக்குள் இறப்பதையே மருத்துவம் இந்தப் பெயரால் குறிக்கிறது என்பதால், அந்த வேர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி தொடங்கி ஒன்பதைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், மக்களுக்கு உரியவை குழவி, மகவு இரண்டே என்கிறது. 'குழந்தை'யும் குழவியின் உறவுதான். இன்னும் நெருக்கமான சான்று புறநானூற்றின் 74ஆம் பாட்டில் இருக்கிறது: "குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்". குழந்தை இறந்தாலும், உருவில்லாத சதைப்பிண்டமாகவே பிறந்தாலும், வாளால் வெட்டிப் புதைத்த மறக்குடி வழக்கத்தைச் சேரமான் கணைக்கால் இரும்பொறை சொல்லும் இடம். பிறந்து இறந்ததையும் உயிரற்றுப் பிறந்ததையும் அந்த ஒற்றை அடி பிரித்துக் காட்டிவிடுகிறது. நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம்.

ஆகவே ஒரு வயது நிறையும் முன் நேரும் சாவுக்குக் 'குழவி இறப்பு' என்பதே என் பரிந்துரை. அம்மிக் குழவி நினைவுக்கு வருகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள்; வரட்டும். உயிரற்றுப் பிறப்பது 'இறந்து பிறப்பு'. உலக அளவில் ஒப்பிடும்போது கருவுற்ற 28 வாரத்துக்குப் பிறகு நேர்வதே இந்தக் கணக்கில் சேரும். பிறந்த முதல் 28 நாளுக்குள் நேர்வது 'பச்சிளங்குழவி இறப்பு'. ஐந்து வயதுக்குள் நேரும் எல்லாவற்றையும் சேர்த்துக் 'குழந்தை இறப்பு' எனலாம்.

இந்தப் பிரிவினை இலக்கணப் பிடிவாதம் அல்ல. நாள் மாறினால் எமன் மாறுகிறான். முதல் மாதத்தில் கொல்பவை குறைப்பிரசவம், பிரசவ நேர மூச்சுத் திணறல், இரத்தத்தில் பரவும் தொற்று, பிறவிக் குறைபாடு. அங்கே உயிர் காப்பது தேர்ந்த கைகளில் நடக்கும் பிரசவம், சுத்தமாக வெட்டிய தொப்புள்கொடி, தாயின் மார்போடு ஒட்டிய சூடு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் தாய்ப்பால். அந்த மாதத்தைத் தாண்டிய குழந்தையை நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் மறிக்கின்றன. ஊட்டக்குறைவு அவற்றுக்குத் துணை போகிறது. இங்கே தடுப்பூசியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், துத்தநாக மாத்திரையும், கொசுவலையும் பேசும். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2022இல் ஐந்து வயதுக்குள் இறந்த சுமார் 49 இலட்சம் பேரில் 23 இலட்சம் பேர் முதல் மாதத்தைத் தாண்டாதவர்கள். 'சிசு மரணம்' என்ற போர்வையை எடுத்தால்தான் இது கண்ணில் படும்.

இந்தச் சாவுகளின் கணக்கைச் சொல்லும்போது விகிதமா, வீதமா? விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. இங்கே நாம் சொல்வது ஓர் ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் பேருக்கு இத்தனை சாவு என்பதை. அதற்கு 'வீதம்' பொருந்தும். இறந்து பிறப்பு வீதம் மட்டும் வேறு கணக்கு: உயிருடன் பிறந்தவர்களோடு இறந்து பிறந்தவர்களையும் கூட்டி வரும் ஆயிரத்துக்கு அது சொல்லப்படுகிறது.