மீளமுங்கல்

வன்னியில் 'இலாஸ்டிக்' என்றால் காற்சட்டை இடுப்புக்குப் போடும் நாடாதான். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இரும்பும் கொங்கிறீற்றும்கூட இலாஸ்டிக்தான் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் இந்தச் சொல் முதலில் நாடாவுக்கு வைத்ததல்ல. பாரத்தால் குறுகி, பாரத்தை எடுத்ததும் பழையபடி வருவதை ஆங்கிலத்தில் 'elastic compression' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

அடித்து ஓட்டுதல், தட்டி நீட்டுதல் என்று பொருள்படும் கிரேக்க வினை ஒன்றுதான் இதன் வேர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் ழான் பெக்கே போன்றோர் இதைக் காற்றுக்குச் சொன்னார்கள். அமுக்கி வைத்த காற்று விட்டதும் விரியுமல்லவா, அந்தக் குணத்துக்கு. அப்புறம்தான் திண்மங்களுக்கு வந்தது. 1678இல் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஊக் வில்சுருளை வைத்து, விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்று எழுதினார்.

எங்கள் பாடநூல்களில் இந்த இலாஸ்டிக் குணத்துக்கு 'மீள்தன்மை' என்ற நல்ல சொல் இருக்கிறது. சிக்கல் 'compression' என்பதை 'அமுக்கம்' என்பதில்தான். இலங்கையில் அது காற்றின், நீரின் அமுக்கம். கார்த்திகையில் மழை கொண்டுவருவது தாழமுக்கம். அதையே தமிழ்நாட்டில் 'அழுத்தம்' என்பார்கள். ஒரு திண்மம் பாரத்தால் குறுகுவதையும் 'அமுக்கம்' என்றால் வாசிப்பவர் குழம்பிப்போவார்.

விடை நம் வாயிலேயே இருக்கிறது. பாரம் அமுக்கும், பொருள் அமுங்கும். அடக்கு, அடங்கு போல ஒன்று பிறவினை, மற்றது தன்வினை. ஆகவே திண்மத்துக்கு நடப்பது 'அமுங்கல்'. பாரத்தை எடுத்ததும் பழைய அளவுக்கு வந்தால் அது 'மீளமுங்கல்'. நான் இதைத்தான் எழுதுகிறேன்.

எவ்வளவு அமுங்கும்? 3 மீற்றர் உயரம், ஒன்பது அங்குலச் சதுரம், அப்படி ஒரு கொங்கிறீற்றுத் தூணில் 10 தொன் ஏற்றினால் உடனே குறுகுவது ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். இரண்டு கொப்பித்தாள் தடிப்பு, அவ்வளவுதான். உள்ளே அணுக்கள் ஒன்றையொன்று சற்று நெருங்குகின்றன, நெருங்க நெருங்கத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளல்தான் கூரையைத் தாங்குகிறது. அமுங்காத தூண் எதையும் தாங்காது.

இப்படி மீள்வதற்கு ஓர் எல்லை உண்டு. வயல் வழியில் உழவு இயந்திரப் பெட்டியின் சில்லுக்குக் காற்றுப் போனால், பெட்டியைத் தூக்கும் ஜக் ஈர நிலத்தில் புதையாமல் கீழே ஒரு முதிரைக் கட்டை வைப்போம். வேலை முடிந்து கட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதன் தடிப்பு பழையபடிதான் இருக்கும். ஆனால் ஜக்கின் அடி இருந்த இடத்தில் விளிம்பு பதிந்து, நார் மடிந்து, விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அங்கே பாரம் எல்லை தாண்டிவிட்டது. அதற்கும் ஊரில் சொல் இருக்கிறது: நசிதல். 'கட்டை மீளமுங்கியது, அதன் முகம் நசிந்தது' என்று எழுதிப் பாருங்கள், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதை வேறு விளக்கமில்லாமலே சொல்லிவிடலாம்.