மின்னல் தாக்கியவரைத் தொடுங்கள்

இந்தக் கோடையில் இது எனக்கு மூன்றாவது மின்னல் விபத்து. தென்னாப்பிரிக்காவில் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கத்தில் ஒரு மைதானம். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய பையன்கள். ஆம்புலன்ஸிலிருந்து நாங்கள் இறங்கியபோது ஒரு பையன் ஈரப் புல்லில் கிடந்தான். பத்தடி தள்ளி ஒரு கூட்டம் நின்றது. "தொடாதீர்கள் தம்பி, உடம்பில் இன்னும் கரண்ட் இருக்கும்" என்று ஒரு பெரியவர் என்னையே தடுத்தார். அவனை எங்களால் மீட்க முடியவில்லை.

கரண்ட் இருக்காது. ஒரு துளியும் இருக்காது. வீட்டில் வயரைப் பிடித்தவரைத் தொடக்கூடாது என்பது சரிதான். அந்த வயர் சுவரிலிருந்து மின்சாரத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்கிறோம். மின்னலுக்குப் பின்னால் வயர் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் மண்ணுக்குள் போய்விடும். மனித உடம்பு அதைச் சேமித்துவைக்க பேட்டரி அல்ல. கையைப் பிடிக்கலாம், கட்டி அழலாம், மடியில் கிடத்தலாம். தோலில் பெரணி இலை போலச் சிவந்த கோடுகள் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். லிக்டன்பெர்க் உருவங்கள் என்று அவற்றுக்குப் பெயர், தாமாகவே மறைந்துவிடும்.

மின்னல் தாக்கிய இதயம் பல நேரம் தானாகவே மீண்டும் துடிக்கும். மூச்சு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மூச்சில்லாமல் அந்த இதயம் இரண்டாம் முறை நின்றுபோகும். நாம் இழப்பது அந்த இடைவெளியில்தான். பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால், முனகுபவரை விட்டு அசையாதவரிடம் முதலில் ஓடுவோம். மற்ற விபத்துகளில் நாங்கள் செய்வதற்கு இது நேர்மாறு. முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். தாக்கப்பட்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

அறிவியல் புதிர் கேட்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று: இடி மின்னலில் கார் ஏன் பாதுகாப்பு? "ரப்பர் டயர்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. காரின் உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே வழித்து இறக்கிவிடுகிறது. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு விரல் தடிமன் ரப்பர் என்ன தடை? உங்கள் செருப்பும் அப்படித்தான். 1930களில் நம் நாட்டு விஞ்ஞானி பேசில் ஷோன்லாந்து ஜோஹன்னஸ்பர்க்கில் சுழலும் கேமராவால் படம்பிடித்துக் காட்டினார்: மின்னல் படிப்படியாகத் தடவித் தடவி இறங்குகிறது. எங்கே விழுவது என்பது கடைசிச் சில பத்து மீட்டரில்தான் முடிவாகிறது. அங்கே ஒற்றை மரம் நின்றால் அதுதான் இலக்கு. அடியில் நிற்பவருக்கு அது மரத்திலிருந்து தாவும்.

கண்ணாடியைத் துணியால் மூடும் பாட்டிமாரிடம் நான் சண்டை போடுவதில்லை. அர்ச்சுனன் பெயரைச் சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குள் இருந்து சொல்லுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள், கோல் அடிக்கப்போகும் நேரமானாலும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிய வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். பத்து கிலோமீட்டருக்குக் குறைந்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். சுவரில்லாத தகரக் கொட்டகை வீடாகாது.

யாராவது விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், மார்பின் நடுவில் 30 முறை பலமாக, வேகமாக அழுத்துங்கள், பிறகு வாய்வழியாக 2 மூச்சு. நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. ஒருவர் அழைக்கட்டும். நாங்கள் வந்து இறங்கும்போது இன்னொருவர் கை அந்த மார்பின் மேல் இருக்கட்டும்.